முக்கால் பாட்டில் கிச்சிலி மது

அணைக்கட்டு வேலைக்கு ஆலோசனை சொல்ல வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் கச்சிராயபாளையத்தை விட்டுப் புறப்பட்ட அன்று, பங்களா சமையல்காரர் அம்மாசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஒரு பாட்டிலைக் கொடுத்தார். கை குலுக்கியதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம். பாட்டில் குட்டையாக, வயிறு பெருத்துப் பழுப்பு நிறத்தில் இருந்தது. ஒட்டியிருந்த காகிதத்தில் இலையோடு கூடிய ஒரு கிச்சிலிப் பழத்தின், அதாவது ஆரஞ்சுப் பழத்தின் படம். உள்ளே முக்கால் பாகம் மது. மீதிக் கால் பாகத்தை அம்மாசியே மூன்று வாரமாகத் துரையின் தோசைக்கு ஊற்றியிருந்தார். மைதாவும் முட்டையும் பாலும் கலந்து காகிதம் போல வார்த்த தோசை. வெண்ணெயில் சர்க்கரையையும் கிச்சிலிச் சாற்றையும் கொதிக்க வைத்து, தோசையை நாலாக மடித்து அதில் முக்கி, மேலே இரண்டு கரண்டி இந்த மதுவை விட்டுத் தீக்குச்சியைக் காட்டினால், நீலமாக ஒரு நெருப்பு எழுந்து அடங்கும். கடலூரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் பன்னிரண்டு வருஷம் அடுப்படியில் நின்று கற்ற வித்தை. பழம் மட்டும் வெள்ளிமலையிலிருந்து வந்தது. மாயவன் என்கிற மலைக்காரர் வியாழக்கிழமைதோறும் கூடையைத் தலையில் வைத்து இறங்கி வருவார்.

மாநிலம் முழுக்க மதுவிலக்கு இருந்த காலம். துரையிடம் குடிப்பதற்குப் பர்மிட் இருந்தது. பர்மிட் துரையோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டது. பாட்டில் மட்டும் அம்மாசியின் கையில் நின்றது.

"யாராவது வண்டிக்காரன்கிட்ட குடுத்துத் தொலைச்சிடு" என்றார் மனைவி கொளஞ்சியம்மாள். "வூட்டுல வைக்காத."

"சர்க்காருகிட்ட கொண்டுபோயி குடுத்துடறேன். நாம இன்னா திருடினமா?"

"திருடியிருந்தாக்கூடப் பரவால்ல. திருடனை இன்னா பண்ணணும்னு அவங்களுக்குத் தெரியும்."

அம்மாசி அதைக் காதில் வாங்கவில்லை. சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பாட்டிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மலையடிவார மதுவிலக்குத் தனி அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இன்ஸ்பெக்டர் சுப்புராயன் சாப்பிட்ட களைப்பில் இருந்தார். மேசை மேல் பாட்டில் வைக்கப்பட்டதும் நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் போனார். பதினோரு வருஷ சர்வீசில் ஒருவனும் தானாகப் பாட்டிலைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்ததில்லை.

"இன்னாய்யா இது?"

"லிக்கூருங்க. கிச்சிலித் தோல்ல பண்றது. தொரை குடுத்துட்டுப் போனாருங்க."

"லிக்கரா?"

"இல்லீங்க, லிக்கூரு."

"எழுத்தை மாத்திச் சொன்னா குத்தம் மாறிடுமா? உக்காரு." சுப்புராயன் அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிடிபட்ட இடம், பிடிபட்ட நேரம், தப்பியோட முயன்ற விதம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. தானாகக் கொண்டுவந்து கொடுத்தவனுக்குக் கட்டம் இல்லை.

"உன்னைப் புடிச்சாத்தான்யா எழுத முடியும்."

"புடிச்சுக்குங்க" என்று அம்மாசி கையை நீட்டினார்.

"இப்பிடி இல்ல. அந்தப் புளியமரத்தாண்ட போயி நில்லு. பாட்டில மடியில மறைச்சுக்கோ. என்னப் பார்த்ததும் ஓடு. ஜாஸ்தி ஓடாத, எனக்கு மூச்சு வாங்கும்."

அம்மாசிக்கு முழங்காலில் வாதம். அவர் நொண்டிக்கொண்டு நடந்தார். பின்னால் சுப்புராயன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் ஒரு தடவை இருவரும் நின்று இளைப்பாறினார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு நிறுத்தப்பட்டார்கள். 'மேற்படி ஆசாமியை இரண்டு பர்லாங் தூரம் விரட்டி, பலத்த போராட்டத்துக்குப் பின் மடக்கினோம். பாட்டிலில் கழுத்துக்குக் கீழே நான்கு விரல் காலி' என்று மகஜர் எழுதப்பட்டது. யாருடைய விரல் என்று எழுதவில்லை.

மறுநாள் தனி அதிகாரி அரங்கநாதன் விசாரித்தார். கதர்ச் சட்டை, நெற்றியில் நேர்த்தியான கோடு, பின்சுவரில் 'மது வீட்டுக்குக் கேடு' என்று சிவப்பு எழுத்து. அவர் அம்மாசியின் சாதியார் கையால் தண்ணீர் கூட வாங்கமாட்டார். அணைக்கட்டுப் பங்களாவுக்கு வரும்போதெல்லாம் வீட்டிலிருந்து கேரியர் கொண்டுவருவார். அம்மாசி அறைக்கு வெளியே நின்றபடி பதில் சொன்னார்.

"இதை எவ்வாறு குடிப்பார்கள்?"

"குடிக்கிறது கம்மிங்க. சமையலுக்குத்தான் ஜாஸ்தி."

"சமையலுக்கா? விவரமாகச் சொல்."

அம்மாசி உண்மையைச் சொன்னார். நெருப்புத் தோசையைச் சொன்னார். ரொட்டியைப் பாலில் ஊற வைத்து, முட்டை அடித்து, இதில் ஒரு கரண்டி விட்டு ஆவியில் வேக வைக்கும் புட்டிங்கைச் சொன்னார். கொய்யாவையும் வாழைப்பழத்தையும் நறுக்கி இதில் ஊறப்போட்டுச் சாப்பிடலாம் என்றார். பால் விடாத காப்பியில் கொஞ்சம் விட்டால் துரைமார்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்றார். எலுமிச்சையும் ஐஸும் கோலி சோடாவும் சேர்த்தால் வெயிலுக்கு இதம் என்றார்.

அரங்கநாதனின் பேனா கொய்யாவிலேயே நின்றுபோயிருந்தது. தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது.

"சுப்புராயன், சட்டம் குடிப்பதைத் தடுக்கிறது. தின்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் மௌனம் சாதிக்கும் இடத்தில் குழு அமைப்பது நமது கடமை. இது பானமா, மளிகையா என்று நாம் நேரில் கண்டறியாமல் ஒரு ஏழையைத் தண்டிக்கலாமா? என் மனசாட்சி இடம் தராது."

ஒரு மணி நேரத்தில் கிச்சிலி மதுப் பரிசோதனைக் குழு உருவானது. தலைவர் அரங்கநாதன். உறுப்பினர் சுப்புராயன். மருத்துவ உறுப்பினராக அந்த அலுவலகத்தின் டாக்டர் தங்கதுரை. கருவி என்ற இடத்தில் அம்மாசியின் பெயரும் அவருடைய இரும்புச் சட்டியும் எழுதப்பட்டன. கருவியைப் பூட்டி வைக்க விதி இல்லை என்று அவரை மட்டும் வீட்டுக்குப் போக விட்டார்கள்.

முதல் பரிசோதனை ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நடந்தது. அலுவலகக் கூடத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்தது. அம்மாசி தோசை வார்த்து மடித்துச் சாற்றில் முக்கி, மதுவை விட்டுத் தீக்குச்சி கிழித்தார். நீல நெருப்பு எழுந்ததும் மூன்று அதிகாரிகளும் கோவிலில் தீபாராதனை பார்ப்பது போல எழுந்து நின்றார்கள்.

"எரிகிறது. எனவே மது" என்றார் சுப்புராயன்.

"எரிந்து விட்டது. எனவே மது போய்விட்டது" என்றார் டாக்டர் தங்கதுரை. "மிச்சம் இருப்பது என்ன என்பதுதான் கேள்வி. அதை நாக்குதான் சொல்ல வேண்டும்."

அம்மாசி தட்டை நீட்டத் தயங்கினார். "ஐயா... நான் பண்ணதுங்க. முட்டை வேற போட்டிருக்குது."

அரங்கநாதன் புன்னகை செய்தார். "நான் இதைச் சாப்பிடவில்லை அம்மாசி, பரிசோதிக்கிறேன். சாப்பாட்டுக்குத்தான் சாதியும் ஆசாரமும். சட்டத்துக்கு அதெல்லாம் கிடையாது."

ஒரு தோசையை வைத்து முடிவுக்கு வருவது விஞ்ஞானம் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் பதினோரு தோசைகள் பரிசோதிக்கப்பட்டன. வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் அரங்கநாதனின் மணிக்கட்டில் வழிந்தன. அவர் முழங்கை வரைக்கும் நக்கினார். நக்கி முடித்துவிட்டுக் கையை, ஊர்வலத்துக்காகச் சுருட்டி வைத்திருந்த மதுவிலக்குப் பதாகையில் துடைத்தார். சுப்புராயன் சட்டியையே வாங்கி விரலால் வழித்தார். அம்மாசி வாழ்நாளெல்லாம் பிறர் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர். அன்றைக்கு ஏனோ ஸ்டவ்வின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாயைத் துடைத்தபடி சுப்புராயன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "இதுக்குப் பழம் எங்கேர்ந்துய்யா வந்துது?"

"வெள்ளிமலைங்க. மாயவன்னு ஒருத்தர் கொண்டாறாருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாசிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

வியாழக்கிழமை மாயவன் கூடையோடு வந்து இறங்கினார். பழத்தை அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தவரைக் கம்பி போட்ட அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள்.

"இந்த மது கிச்சிலித் தோலில் செய்தது என்று முதல் குற்றவாளி சொல்கிறான். கிச்சிலிப் பழம் விற்றதாக நீயே ஒப்புக்கொள்கிறாய்" என்றார் அரங்கநாதன். "இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

அம்மாசி பதறிப்போய், "பாட்டிலு சீமையிலேர்ந்து வந்ததுங்க. மேல பிரெஞ்சுல எழுதியிருக்குதுங்க. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார்.

சுப்புராயன் மேசையைத் தட்டினார். "பிரெஞ்சா? பிரெஞ்சுன்னா பாண்டிச்சேரிதான? அப்ப கடத்தல் கேசும் சேர்ந்துக்கிச்சு. பழம் மலையிலேர்ந்து பாண்டிச்சேரி போயிருக்குது. மதுவா திரும்பி வந்திருக்குது. எல்லாம் இவன் கூடையிலதான்!"

மாயவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாண்டிச்சேரி மேற்கா கிழக்கா என்று அவருக்குத் தெரியாது.

"அம்மாசி அண்ணே, பழம் வித்தது குத்தமா? மரத்துல எல்லாம் பழுத்து நிக்குதே. எம் பொண்டாட்டி ராஜாம்பா ஒண்டியா இன்னா பண்ணுவா? கொரங்கு வந்து எறங்கினா ஒரு பழம் மிஞ்சாதே."

"ரெண்டு நாள்ல வுட்ருவாங்க மாயவா" என்றார் அம்மாசி. அவருக்கே அது பொய் என்று பட்டது.

இரண்டாம் பரிசோதனைக்குப் புட்டிங். கூடைப் பழம் கைவசம் இருந்ததால் வேலை எளிதாயிற்று. கம்பி போட்ட அறையில் உட்கார்ந்து மாயவன்தான் பழம் உரித்துக் கொடுத்தார். குற்றவாளியே குற்றப் பொருளை உரிப்பது விசாரணைக்கு வலுச் சேர்க்கும் என்று டாக்டர் குறிப்பு எழுதினார். கொட்டையை எடுத்துச் சுளையை நீட்டும்போதெல்லாம் மாயவன் அம்மாசியின் முகத்தைப் பார்த்தார். அம்மாசி சுளையை மட்டும் பார்த்தார்.

மூன்றாம் பரிசோதனை பானங்கள். காப்பியில் இரண்டு கரண்டி விடப்பட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து மரத்தூள் சுற்றி ஐஸ் வந்தது. கோலி சோடா பத்து வந்தது. எலுமிச்சை பிழியப்பட்டது. நான்காவது தம்ளரில் டாக்டர் தங்கதுரை ஒரு அடிப்படைத் தவறைக் கண்டுபிடித்தார். மதுவோடு எதையெதையோ கலந்து பரிசோதித்தோமே தவிர, மதுவைத் தனியே பரிசோதிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கலப்பில்லாத மாதிரி வேண்டாமா? அதன் பிறகு தம்ளர் தேவைப்படவில்லை. பாட்டில் வாய்க்கு வாய் போனது. அரங்கநாதன் குடித்து எடுத்தபோது அவர் உதட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவே எச்சில் நூலாகத் தொங்கியது. சுப்புராயன் அந்த நூலை விரலால் அறுத்துவிட்டுத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

"நமது முன்னோர்கள்..." என்று அரங்கநாதன் ஆரம்பித்தார். கண்ணில் நீர் தளும்பியது. "எவ்வளவு தியாகம் செய்தார்கள் தெரியுமா தங்கதுரை?"

மறுநாள் மதுவிலக்கு வார நிறைவு விழா. கடைத்தெருவில் மேடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அரங்கநாதன் காலையிலேயே பரிசோதனையில் எஞ்சியதைச் சரிபார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் முகம் பழுத்த கிச்சிலி நிறத்தில் இருந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே! மதுவின் கொடுமையை நான் ஏட்டில் படித்தவன் அல்ல. நேரில் அறிந்தவன்! அது முதலில் இனிக்கும். பிறகு தொண்டையில் மெல்லச் சுடும். காதோரம் ஒரு வெப்பம் படரும். மனைவி மறந்துபோவாள். மேலதிகாரி மறந்துபோவார். சுளையில் ஊறியிருந்தால் தெரியவே தெரியாது! அப்பேர்ப்பட்ட வஞ்சகம் அது! அதை ஒழிக்கவே நாங்கள் மூவரும் இரவு பகல் பாராமல் அதை... அதை... உட்கொண்... எதிர்கொண்டு வருகிறோம்!"

பிள்ளைகள் ஆசிரியர் சொன்னபடி கை தட்டினார்கள். அரங்கநாதன் கை கூப்பினார். கூப்பிய கையோடு மேடையின் பின்பக்கம் இறங்கி, படுதாவின் மறைவில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.

அதைக் கழுவ ஆள் தேடினார்கள். தோட்டி விழாவில் கொடி பிடித்துக்கொண்டிருந்தான். ஆகவே கம்பி அறையைத் திறந்து மாயவனைக் கூட்டி வந்தார்கள்.

விழாவுக்குப் பானகம் கரைக்க அழைக்கப்பட்டிருந்த அம்மாசி அப்போது அங்கேதான் நின்றார். மாயவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தென்னந்துடைப்பத்தால் தள்ளித் தள்ளித் தண்ணீர் ஊற்றினார். அதில் செரிக்காத சுளைகள் கிடந்தன. அவரே மலையிலிருந்து சுமந்து வந்து, அவரே உரித்துக் கொடுத்த சுளைகள். புளித்த வாடையோடு கிச்சிலி மணமும் கலந்து அடித்தது. அரங்கநாதன் படிக்கட்டில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்தபடி, "ஓரத்தில் இருக்கிறது பார், நன்றாகத் தேய்" என்றார்.

அம்மாசி பானகக் குவளையைக் கீழே வைத்தார். பக்கத்து வயல் வரப்பு வரைக்கும் நடந்து போய்க் குனிந்து, காலையில் குடித்த கூழையெல்லாம் கக்கினார். அன்றிலிருந்து கிச்சிலி மணம் பட்டாலே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

விழா முடிந்த மூன்றாம் நாள் சென்னையிலிருந்து தாக்கீது வந்தது. பிடிபட்ட மதுவை உடனே ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். குழு கூடிப் பாட்டிலைப் பார்த்தது. பாட்டில் வெறுமையாக இருந்தது. அடியில் ஒரு ஈ மட்டும் செத்துக் கிடந்தது.

"வெயில் அதிகம். ஆவியாகி இருக்கும்" என்றார் டாக்டர்.

"ஈ குடிச்சிருக்கும்" என்றார் சுப்புராயன்.

அம்மாசியை வரவழைத்தார்கள். வெல்லத்தையும் தேயிலைத் தூளையும் கிச்சிலித் தோலையும் கொதிக்க வைத்து, மகஜரில் கண்டபடி நான்கு விரல் குறைய ஊற்றச் சொன்னார்கள். "இதற்குப் பெயர் ஏமாற்று அல்ல. சாட்சிப் பொருளின் அளவைப் பராமரித்தல்" என்று அரங்கநாதன் விளக்கினார். அம்மாசி மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு கொதிக்க வைத்தார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார்தான். கம்பிக்குள்ளே மாயவனின் தலை தெரிந்ததும் மூடிக்கொண்டார். ஈயை எடுக்க யாரும் சொல்லவில்லை. அவரும் எடுக்கவில்லை.

சென்னையிலிருந்து பதில் இரண்டு வரியில் வந்தது. வெல்லம், தேயிலை, கிச்சிலித் தோல், ஈ ஒன்று. மது இல்லை.

"அப்ப மாயவன வுட்ருவீங்களா?" என்று அம்மாசி ஆவலோடு கேட்டார்.

அரங்கநாதன் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார். "பிடித்தபோது மது இருந்தது, மகஜர் இருக்கிறது. எரிந்தது, நாங்கள் மூவரும் சாட்சி. இப்போது இல்லை. நடுவில் கரண்டியும் கையுமாக நின்றது யார்? நீ. சாட்சிப் பொருளைக் குடித்தவன் நீ. சப்ளை செய்தவன் அவன். உனக்கு ஒரு வருஷம், அவனுக்கு இரண்டு."

அம்மாசியின் வாயில் ஒரு சொட்டு மது பட்டதில்லை. தோசைக்குக்கூட மணத்தை வைத்தே பதம் பார்ப்பார்.

அந்த நேரத்தில் டாக்டர் தங்கதுரைக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் எல்லோருக்கும் நல்லது நினைப்பவர்.

"அம்மாசி ஒரு பழைய குடிகாரன், குடிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று நான் ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தால்? அதை வைத்து டிசம்பர் மாதத் தேதியில் அவன் பெயருக்கு ஒரு பர்மிட் போட்டால்? அப்போது பாட்டில் சட்டப்படி அவனுடையது. குடித்ததும் சட்டப்படி. குற்றமே நடக்கவில்லை. குற்றம் இல்லாத இடத்தில் சப்ளை ஏது? அந்த மலைக்காரனும் வெளியே போகலாம்."

"மனிதாபிமானம்!" என்றார் அரங்கநாதன். கொஞ்சம் யோசித்து, "பர்மிட் இருந்தால் மாதாமாதம் ஒரு பாட்டில் உண்டல்லவா?" என்று கேட்டார்.

"உண்டு. எந்த ரகம் என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாசி வீட்டுக்கு வந்து சொன்னபோது கொளஞ்சியம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"குடிகாரன்னு எழுதிக் குடுக்கப் போறியா? முப்பது வருசமா ஒன் வாயில வெத்தல நாத்தங்கூட வந்ததில்லையே. நாளைக்கு ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு இன்னா சொன்னா இன்னாடி. அந்தாளு அங்க வாந்தி கழுவிக்கினு கெடக்குறாரு. பேரு சொன்னது நானு."

கொளஞ்சியம்மாள் முறத்தை எடுத்து, மிச்சக் கேழ்வரகையும் புடைத்து முடித்தார். பிறகு, "போட்டுட்டு வா. வந்து குளிச்சிட்டு உள்ள வா" என்றார்.

மறுநாள் காலை அம்மாசி கையெழுத்துப் போட்டார். 'நாள்பட்ட, திருத்த முடியாத குடிகாரர்' என்ற வரிக்குக் கீழே அவருடைய பெயர் முத்து முத்தாக நின்றது. கடலூர்த் துரைசானி கற்றுக்கொடுத்த கையெழுத்து.

மாயவனை விடுவிப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. குற்றமே நடக்காதபோது அவரைப் பிடித்ததாகவும் காட்ட முடியாது. 'மேற்படி மாயவன் மதுவிலக்குக் கொள்கையின்பால் ஈடுபாடு கொண்டு, தானாக முன்வந்து அலுவலகத்தில் இருபத்திரண்டு நாட்கள் தங்கித் தொண்டாற்றினார்' என்று சுப்புராயன் எழுதி, கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்த மாயவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்.

"கூடையக் கேட்டேன். அது தஸ்தாவேஜுல இருக்குதாம், தர முடியாதாம்."

"போவட்டும் மாயவா. வூட்டப் பாத்துப் போ."

"எதுக்குப் புடிச்சாங்க, எதுக்கு வுட்டாங்கன்னு ஒனக்காச்சும் புரிஞ்சுதா அண்ணே?"

அம்மாசி இல்லையென்று தலையை ஆட்டினார். மாயவன் இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மலைப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். அந்த வருஷத்துப் பழம் முழுவதையும் குரங்கு தின்றுவிட்டது என்று பின்னால் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பழம் கொண்டுவர அவர் திரும்ப இறங்கவே இல்லை.

பங்களாவில் பதிவு பெற்ற குடிகாரரை அடுப்படியில் வைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. அந்த விதியைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதியவர் அரங்கநாதன். அம்மாசி சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கொளஞ்சியம்மாள் கரும்பு வெட்டப் போனார். அவரும் கூடப் போனார். முழங்கால் வாதத்தோடு கரும்புக் கட்டைத் தூக்க முடியாமல் காய்ந்த சோகை இலையை உரித்தார். கடைத்தெருவில் அவர் நொண்டி நடப்பதைப் பார்த்து, "காலையிலேயே ஏத்திக்கினியா?" என்று கேட்டவர்கள் உண்டு.

அடுத்த மாதம் முதல் தேதி, காலை எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. குழு முழுமையாக இறங்கியது. சுப்புராயன் நெஞ்சோடு அணைத்து ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே வைக்கோல் சுற்றிய புதுப் பாட்டில். அதே கிச்சிலிப் படம். சென்னைக்கு எழுதித் தனியாக வரவழைத்தது.

"ஒரு கையெழுத்துப் போடு அம்மாசி. உன் கோட்டா வந்திருக்கிறது" என்றார் அரங்கநாதன். தெருவில் நின்றாலும் அவர் குரலில் வாஞ்சை இருந்தது. "அந்தச் சட்டியையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறு. ஸ்டவ் தயாராக இருக்கிறது."

அம்மாசி கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"குடுங்க."

"எதை?"

"பாட்டிலுங்க. எம் பேருலதான பர்மிட்டு இருக்குது? கையெழுத்தும் போட்டுட்டேன். வேற யார் கையில இருந்தாலும் கேசு ஆயிடுங்களே."

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். மூன்று அதிகாரிகளும் சட்டத்தின் எல்லா மூலைகளிலும் தேடினார்கள். வழி இல்லை. சுப்புராயன், குழந்தையைக் கொடுப்பது போலப் பாட்டிலைக் கொடுத்தார்.

அம்மாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திருகினார். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மது வாசல் மண்ணில் குடுகுடுவென்று கொட்டியது. புழுதி உறிஞ்ச உறிஞ்ச அவர் கையை நகர்த்தவில்லை. கடைசிச் சொட்டையும் உதறினார்.

"ஐயோ" என்றார் டாக்டர். நோயாளிகள் செத்தபோதுகூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

"நாட்டின் சொத்து... இப்படி மண்ணில்..." என்றார் அரங்கநாதன். கதர்த் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

சுப்புராயன் வெறும் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தார். அவர் மெல்லக் குனிந்தார். வயிறு இடித்ததால் முழங்காலை மண்ணில் ஊன்றினார். ஈர மண்ணை ஆள்காட்டி விரலால் வழித்து, முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த அரங்கநாதனும் டாக்டரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

அம்மாசி மூக்கைப் பொத்திக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

கொளஞ்சியம்மாள் சாணி கரைத்த வாளியோடு வாசலுக்கு வந்தார். குனிந்து நின்ற மூன்று முதுகுகளையும் ஒரு தரம் பார்த்தார்.

"நவுருங்க சார்" என்றார். "வாசல் தெளிக்கணும்."